ஆட்டுக் கொட்டகைக்குப் பூஜை போட்ட நாள்

எங்கள் குதிரைக்கு ஒரு துணை வேண்டும் என்று சொன்ன கால்நடை டாக்டரம்மா கேட்டது ஒரே ஒரு ஆடு. "தனியா நிக்கிற குதிரை கட்டையைக் கடிக்கும், தலையை ஆட்டிக்கிட்டே நிக்கும். பக்கத்துல ஒரு ஆட்டைக் கட்டிப் பாருங்க" என்றார். அதைக் கேட்டுக்கொண்டு வந்த என் வீட்டுக்காரர் ஆட்டுப் பண்ணைக்கே திட்டம் போட்டுவிட்டார். அவர் அப்படித்தான். கால் கிலோ வெண்டைக்காய் வாங்கப் போனால் மூட்டையோடு வந்து நிற்பார். அந்தக் குதிரையே அப்படி வந்து சேர்ந்ததுதான்.

அவர் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். ஒரு முறை பெங்களூருக்குச் சவாரி போன இடத்தில், குதிரையேற்றம் சொல்லித்தரும் ஒரு பண்ணையில், முன்னங்கால் சரியில்லாத வயதான பெட்டைக் குதிரை ஒன்றைத் தள்ளிவிடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறார். "நான் கொண்டு போறேன்" என்று சொல்லிவிட்டார். என்னிடம் சொன்னது, குதிரை லாரியிலிருந்து இறங்கிய பிறகு. நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. கோபம் வந்தால் ஊர்ப் பேச்சு தானாக வந்துவிடும். ஒசூர் பக்கம் மத்திகிரியில் எங்கள் லைன் வீடுகளில் இருந்த மதுரைக்காரர், சேலத்துக்காரர் எல்லோரும் அன்றைக்கு என் ஊர்ப் பேச்சை முழுசாகக் கேட்டார்கள்.

வந்ததை என்ன செய்ய முடியும்? லைன் வீடுகளுக்குப் பின்னால் வீட்டுச் சொந்தக்காரரின் நிலம் இருந்தது. அதில் அவர்கள் முன்பு பட்டுப்புழு வளர்த்த ஷெட் ஒன்று சும்மா கிடந்தது. அதைக் குதிரைக்கு விட்டுக்கொடுத்தார். எல்லாம் வாய்ப்பேச்சுதான், எழுத்து ஒன்றும் கிடையாது. ராகி போட்டு, கறவை மாடு வைத்து, அங்கேயே பிறந்து வளர்ந்த குடும்பம். வீட்டுக்குள் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களிடம் தமிழ். அவரை நான் அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். "இங்க மளிகைக் கடைக்காரருதாம்மா அண்ணாச்சி. என்னப் போயி பொட்டணம் கட்ட உக்கார வெச்சிட்டீங்களே" என்று சிரிப்பார். எங்கள் மேல் அவருக்குப் பிரியம் உண்டு. அதைக் கெடுத்துக்கொண்டால் எங்களுக்கு அங்கே ஒன்றுமே கிடையாது என்பதும் எனக்குத் தெரியும்.

நான் கார் உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிறேன். எங்கள் ஷிப்டு மாறும்போதெல்லாம் குதிரை வேலையும் எனக்கும் அவருக்குமாக மாறும். லத்தி அள்ள வேண்டும். நனைந்த வைக்கோலைக் கழிக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியைத் தேய்க்க வேண்டும். ஒவ்வொரு குளம்பாகத் தூக்கி, உள்ளே அடைந்த மண்ணையும் கல்லையும் கொக்கியால் நோண்டி எடுக்க வேண்டும். முன்னங்காலைத் தொட்டால் கடிக்க வருவாள். நான் திட்டுவேன், காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு கேட்பாள். தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக, பல வேளையாகப் பிரித்துத்தான் வைக்க வேண்டும். உடம்பைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது, குதிரைக்கு இரைப்பை சின்னது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். புல்லும் வைக்கோலும்தான் சாப்பாடு. தவிடும் அவித்த கொள்ளும் நமக்கு ஊறுகாய் மாதிரி. இதையெல்லாம் என் வீட்டுக்காரர் தொல்லைக்காகச் செய்கிறேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் ஷிப்டு முடிந்து வரும்போது என் செருப்புச் சத்தத்தைக் கேட்டு அவள் கனைப்பாள். அதற்காகவே நான் செருப்பைக் கொஞ்சம் அழுத்தித் தேய்த்து நடப்பேன்.

ஆட்டுக் கொட்டகையை நாங்களே கட்டினோம். கம்பெனிகளில் இயந்திரம் வந்து இறங்கும் பேலட் கட்டைகள் பழைய சாமான் கடையில் கிடைக்கும். அவற்றைப் பிரித்து, இடுப்பு உயரத்துக்குப் பரண் போட்டார் என் வீட்டுக்காரர். பலகைகளுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளி. புழுக்கை கீழே விழுந்துவிடும். ஆட்டின் கால் மாட்டாது. சுவரில் அடித்த பலகைகளில் கண்ணாடி டம்ளர் படமும் குடைப் படமும் மேலே பார்த்த அம்புக்குறியும் அப்படியே இருந்தன. "ஆட்டுக்கு மேல எதுன்னு தெரியாதுன்னு எழுதி வெச்சிட்டாரா?" என்று கேட்டார் அண்ணாச்சி. ஆட்டுத் தீவனத்துக்காக வேலியோரம் போட்டிருந்த அகத்தியும் வேலிமசாலும் நன்றாகத் தழைத்து வந்ததும், சாமல்பட்டிப் பக்கம் ஒரு குடியானவரிடம் ஆடுகளுக்குப் பேசி முடித்தார். ஆடு வந்து இறங்கும் நாளன்று காலையில் கொட்டகைக்குப் பூஜை என்று அண்ணாச்சி வீட்டம்மா முடிவு செய்தார்.

"வெறுங்கொட்டாய்க்குப் பூஜை போடக் கூடாதும்மா. வாயில்லாத ஜீவன் ஒண்ணு வாசல்ல நிக்கணும். அதுக்கு எல்லாரும் கையால எடுத்துக் குடுத்து, வயிறார வெச்சப்பறம்தான் மத்ததுங்கள உள்ள ஏத்தணும்" என்றார் அந்த அம்மா. அவர்கள் வீட்டில் புதுக் கொட்டகை போட்டால் பசுவும் கன்றும் ஓட்டி வருவார்கள். "இங்கதான் குதிரையே நிக்குதே. முனியப்பன் ஏறுற வாகனம். அதவிடவா?" என்று எங்கள் குதிரையைக் கைகாட்டினார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் என் வீட்டுக்காரர் குட்டி யானை வண்டி ஒன்றைப் பேசிக்கொண்டு சாமல்பட்டிக்குக் கிளம்பிவிட்டார். எனக்கு மதிய ஷிப்டு. குதிரையைக் குளிப்பாட்டி, நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் வைத்து, சாமந்தி மாலை போட்டு, கொட்டகை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். மாலையில் பாதியைப் பூஜைக்கு முன்பே தின்றுவிட்டாள்.

குதிரையைப் பற்றி உலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரே விஷயம் கொள்ளு. லைன் வீடுகளிலிருந்து ஒவ்வொருத்தராக வந்தார்கள். ஒருத்தர் கிண்ணத்தில், ஒருத்தர் முந்தானையில், ஒருத்தர் டிபன் டப்பாவில். ஒருவருக்கொருவர் பேசி வைத்துக்கொண்டு வரவில்லை. எல்லோர் கையிலும் கொள்ளுதான். சிலர் ஊற வைத்திருந்தார்கள். சிலர் கடையில் வாங்கியதை அப்படியே கொண்டுவந்திருந்தார்கள். கூடவே வெல்லக்கட்டி, வாழைப்பழம். அண்ணாச்சி வீட்டம்மா இலையில் சர்க்கரைப் பொங்கல் வைத்தார். ஒவ்வொருத்தரும் ஒரு கை கொடுத்து, கழுத்தைத் தொட்டுக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டு போனார்கள். யாரும் அளவுக்கு மீறிக் கொடுக்கவில்லை. நான் அடுப்பில் பொங்கல் பானையைப் பார்ப்பதும் வந்தவர்களுக்கு இலை போடுவதுமாக இருந்தேன். நடுவில் நிமிர்ந்து பார்த்தபோதெல்லாம் அவள் வாய் அசைந்துகொண்டிருந்தது. ஊர் பேர் தெரியாத கிழட்டுக் குதிரையை இத்தனை பேர் கும்பிடுகிறார்களே என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

எல்லாம் முடிந்து, பாத்திரங்களைக் கழுவி, யூனிபார்ம் போட்டுக்கொண்டு, கிளம்புவதற்கு முன்னால் தண்ணீர் வைக்கப் போனேன். அவள் கனைக்கவில்லை. முன்னங்காலால் தரையைப் பறித்துக்கொண்டிருந்தாள். தலையைத் திருப்பித் தன் வயிற்றைத் தானே பார்த்தாள். பிறகு மேல் உதட்டைச் சுருட்டிக்கொண்டு மறுபடியும் வயிற்றைப் பார்த்தாள். கழுத்தில் வியர்வை. ஒசூர்க் குளிரில், நிழலில் நிற்கிற குதிரைக்கு ஏன் வியர்க்க வேண்டும்? என் கையிலிருந்த வாளியைக் கீழே வைப்பதற்குள் அவள் முட்டியை மடக்கிப் படுத்து, முதுகைத் தரையில் போட்டு உருண்டாள்.

டாக்டரம்மாவுக்கு போன் போட்டேன். சூளகிரிப் பக்கம் ஒரு மாட்டுக்குக் கன்று குறுக்கே நின்றுவிட்டது, பாதியில் விட்டுவர முடியாது என்றார். என்ன தின்றது என்று கேட்டார். சொன்னேன்.

"கேளுங்க. முதல்ல அதை எழுப்புங்க. உருள விடாதீங்க, உருண்டா குடல் முறுக்கிக்கும். மெதுவா நடத்திக்கிட்டே இருங்க. தீனி எதுவும் வேணாம். யார் என்ன சொன்னாலும் வாயில எதையும் ஊத்தாதீங்க. நான் இதை முடிச்சிட்டு நேரா வர்றேன்."

என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். ஆடுகள் கத்துகிற சத்தத்தில் அவர் சொல்வது பாதி கேட்டது. "நடத்து, நடத்து, ஆட்டை ஏத்திட்டு வந்துடுறேன்" என்றார். சாமல்பட்டி என்ன பக்கத்துத் தெருவா? எனக்கு வந்த ஆத்திரத்தில் பேச்சை முடிக்காமலேயே போனை வைத்தேன்.

எழுப்பினேன். அவளுக்கு எழ மனமில்லை. கயிற்றைப் பிடித்து இழுத்து, முதுகில் தட்டி, கத்தி, எப்படியோ நிற்க வைத்தேன். ஷெட்டிலிருந்து ஆட்டுக் கொட்டகை, கொட்டகையிலிருந்து அகத்தி வரிசை, அங்கிருந்து மோட்டார் அறை, மறுபடியும் ஷெட். நொண்டிக் கால் வேறு. மெயின் ரோட்டில் எங்கள் கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது. பிறகு போய்விட்டது. சூப்பர்வைசர் கூப்பிட்டார், எடுக்கவில்லை.

அதற்குள் செய்தி பரவி, காலையில் கும்பிட வந்தவர்கள் எல்லோரும் மறுபடியும் வந்துவிட்டார்கள். யாரும் கேட்காமலேயே ஒவ்வொருத்தரும் சொன்னார்கள். "நான் ஒரு கைதான்க்கா குடுத்தேன்." "நாங்க ஊற வச்சுதான் கொண்டாந்தோம்." "எங்க வீட்ல பாப்பா கையால ஒரு பிடி, அவ்வளவுதான்." யாரும் பொய் சொல்லவில்லை. அத்தனை ஒரு கையும் சேர்ந்து அந்தச் சின்ன வயிற்றில் ஊதிக்கொண்டிருந்தது. எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. அதனால் எல்லோர் மேலும் கோபம் வந்தது.

அண்ணாச்சி வந்தார். கையில் மூங்கில் கொட்டம். ஒரு பக்கம் சாய்வாக வெட்டிய மூங்கில் குழாய். மாட்டுக்கு மருந்து ஊற்ற வைத்திருப்பது. இன்னொரு கையில் சொம்பு நிறைய நல்லெண்ணெய், அதில் இஞ்சியும் ஓமமும் பெருங்காயமும் தட்டிப் போட்டுக் காய்ச்சியது. வாசனை தூரத்திலேயே அடித்தது.

"வாய்க்குக் கயிறு போட்டுத் தூக்கிப் புடிங்கப்பா" என்று லைன் வீட்டு ஆட்கள் இரண்டு பேரிடம் சொன்னார்.

"வேண்டாம் அண்ணாச்சி. வாயில எதையும் ஊத்தக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காக."

"ஏம்மா, எத்தன மாட்டுக்கு ஊத்தியிருக்கறன் நானு. போன மழைக்கு நம்ம செவலைக்கு வயிறு ஊதிக்கினு கெடந்துச்சே, நீங்களே பாத்தீங்க இல்ல?"

பார்த்தேன். பொய் இல்லை. செத்துவிட்டது என்று எல்லோரும் கைவிட்ட பசு, அவர் இதே கொட்டத்தால் ஊற்றிய பிறகு ஏப்பம் விட்டு எழுந்து நின்றது.

"அது மாடு அண்ணாச்சி."

"மாடுன்னா என்னா, குதிரைன்னா என்னா, வயிறு வயிறுதானம்மா. அந்த டாக்டரம்மா எங்க? எப்ப வருவாங்க? அதுக்குள்ள போயிடுச்சின்னா?"

அவருக்கு ஓர் ஆயுசு முழுக்க மாடு மேய்த்த அனுபவம். எனக்குப் போனில் கேட்ட ஒரே ஒரு வாக்கியம். குதிரையைப் பார்த்தேன். கண்ணைச் சுற்றி வெள்ளை தெரிந்தது. மூக்குத் துவாரங்கள் விரிந்து விரிந்து மூடின. ஊற்றாமல் விட்டுச் செத்துப்போனால், என் பிடிவாதத்தால்தான் செத்தது என்று நானே என்னைச் சொல்லிக்கொள்வேன். அந்த ஆட்கள் இதற்குள் அவள் தாடையைத் தூக்கிவிட்டார்கள். அண்ணாச்சி கடைவாயில் விரலை விட்டு, கொட்டத்தை உள்ளே நுழைக்கப் போனார்.

நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

யோசித்துச் செய்யவில்லை. பிடித்த வேகத்தில் எண்ணெய் என் யூனிபார்ம் மேல் கொட்டியது. அந்த ஆட்கள் கயிற்றை விட்டார்கள். அண்ணாச்சி வீட்டம்மா வாயில் கையை வைத்துக்கொண்டார். குடியிருக்கிறவள், பொம்பளை, அவர் நிலத்திலேயே நின்றுகொண்டு, அத்தனை பேர் முன்னால் அவர் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறேன். விட வேண்டும் என்று தோன்றியது. கொட்டம் இன்னும் குதிரையின் வாய்க்குப் பக்கத்திலேயே இருந்ததால் விடவில்லை.

"கைய எடும்மா" என்றார். சத்தம் போடவில்லை.

"நீங்க அதக் கீழ வைங்க. எடுக்கேன்."

கொட்டத்தைக் கீழே போட்டார். நான் கையை எடுத்தேன்.

"என் பேச்சக் கேக்காம இது செத்துச்சின்னா, இந்த மண்ணுல பொதைக்க நான் எடம் குடுக்க மாட்டன். சொல்லிட்டன்." மோட்டார் அறைப் பக்கம் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

குதிரையைப் புதைக்க எவ்வளவு பெரிய குழி வேண்டும் என்று ஒரு கணம் மனசு கணக்குப் போட்டது. அப்படி நினைத்ததற்காக என்னையே திட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்து நடக்க ஆரம்பித்தேன்.

அந்த மதியம் எவ்வளவு நீளம் என்று எனக்கு இப்போதும் சொல்லத் தெரியவில்லை. நடந்தோம். அவள் நிற்பாள், இழுப்பேன். வயிற்றைப் பார்ப்பாள், தலையைத் திருப்பிவிடுவேன். லைன் வீட்டுப் பெண்கள் மாற்றி நடத்துகிறோம் என்று கேட்டார்கள்; யார் கையிலும் கொடுக்கவில்லை. காலையில் அவர்களை நம்பியது போதும் என்று ஒரு கெட்ட புத்தி. டாக்டரம்மா நடுவில் கூப்பிட்டு, ஈறு என்ன நிறத்தில் இருக்கிறது, விரலால் அழுத்திவிட்டு எடுத்தால் எவ்வளவு நேரத்தில் நிறம் திரும்புகிறது, வயிற்றில் காது வைத்தால் என்ன கேட்கிறது என்றெல்லாம் விசாரித்தார். மற்ற நாளில் அவள் வயிற்றுக்குப் பக்கத்தில் நின்றாலே குழாயில் தண்ணீர் ஓடுகிற மாதிரி சத்தம் கேட்கும். இப்போது காதை வைத்து அழுத்தினேன். ஒன்றுமே இல்லை. மூச்சு மட்டும்தான். போனில் அதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"படுக்காத. படுத்த, கொன்னுருவேன்" என்று அவளிடம் சொல்லிக்கொண்டே நடந்தேன்.

அகத்தி வரிசைப் பக்கத்தில் மறுபடியும் முட்டி மடங்கியது. இந்தத் தடவை கயிறு என் கையை அறுத்துக்கொண்டு போனது. பக்கவாட்டில் விழுந்து, கால்களை உதைத்து, முதுகைத் திருப்பப் பார்த்தாள். நான் கயிற்று முனையால் அவளை அடித்தேன். அதுவரை ஒரு நாளும் அடித்ததில்லை. கழுத்தில், தோளில், கத்திக்கொண்டே அடித்தேன். அவள் எழவில்லை. என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

பின்னாலிருந்து அண்ணாச்சி வந்தார். அவள் வாலின் அடியை இரண்டு கையாலும் பிடித்து, இடுப்பைக் கொடுத்துத் தூக்கினார். "முன்னால இழு" என்று தன் மனைவியிடம் சொன்னாரா, என்னிடம் சொன்னாரா தெரியாது. நானும் அந்த அம்மாவும் இழுத்தோம். முன்னங்கால் ஊன்றி, பின்னங்கால் சறுக்கி, எழுந்து நின்றாள். அவர் வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, போய்ப் பழைய இடத்தில், பழையபடி முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

வெயில் சாய்ந்த பிறகுதான் டாக்டரம்மாவின் ஸ்கூட்டர் வந்தது. வலி குறைய ஊசி போட்டார். பிறகு நீளமான ரப்பர் குழாயை எடுத்து, நுனியில் எண்ணெய் தடவி, மூக்குத் துவாரம் வழியாக உள்ளே விட்டார். அவள் விழுங்க விழுங்கத்தான் மெதுவாகத் தள்ளினார். குழாயின் மறுமுனையை வாளியில் தாழ்த்தியதும் புளித்த வாடையோடு காற்று வந்தது. பின்னாலேயே நுரையும் கஞ்சி மாதிரி அரைபட்ட கொள்ளும். ஒரு வாளி நிறைந்தது. இன்னொன்று கொண்டுவரச் சொன்னார். லைன் வீட்டுக்காரர்கள் வாளியைச் சுற்றி நின்று எட்டிப் பார்த்தார்கள்.

கடைசியாக அதே குழாய் வழியாக டாக்டரம்மா ஒரு கேன் எண்ணெயை உள்ளே இறக்கினார். அதற்குள் பக்கத்தில் வந்து நின்றிருந்த அண்ணாச்சியால் அதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை.

"அது எண்ணெயிதானம்மா?"

"எண்ணெய்தாங்க. பாரஃபின் எண்ணெய்."

"நானும் எண்ணெயிதானம்மா கொண்டாந்தன்."

"நினைச்சது சரிதாங்க. வழிதான் வேற. குதிரைக்கு வாய் வழியா ஊத்துனா நுரையீரலுக்குப் போயிடும். அதோட, குதிரையால வாந்தி எடுக்கவும் முடியாது. உள்ள போனது போனதுதான்."

அவர் அதைக் கேட்டுக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை.

டாக்டரம்மா என்னிடம் மறைக்காமல் சொன்னார். குடல் ஓட ஆரம்பித்து லத்தி போட்டால் பிழைத்துக்கொள்வாள். போடாவிட்டால் பெங்களூருக்குக் கொண்டுபோய் வயிற்றைக் கிழித்துப் பார்க்க வேண்டும். இந்த வயதில், இந்தக் காலோடு, அதைச் செய்யுங்கள் என்று அவர் சொல்ல மாட்டார். "அப்பறம் என்ன செய்யணும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. கூப்பிடுங்க, வந்து வலியில்லாம அனுப்பிவைக்கிற ஊசி போடுறேன்" என்றார். பிழைத்தாலும், வயிற்றுக் கோளாறு குளம்புக்கு இறங்கும் என்பதால், இரண்டு மூன்று நாள் குளம்பு சூடாகிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். "லத்தி போட்டதுக்கப்பறம் படுத்தா எழுப்பாதீங்க. உடம்பு ஓஞ்சிருக்கும். அதுவரைக்கும் நடத்துங்க."

நடத்தினேன். ஊசியால் வலி அடங்கியிருந்ததே தவிர அவளுக்குத் தெம்பு வரவில்லை. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு என் பின்னால் வந்தாள். நான் ஓயாமல் அவள் வாலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நடந்தேன். ஒரு மிருகம் சாணி போட வேண்டும் என்று நான் வேண்டாத சாமி இல்லை.

அப்போதுதான் குட்டி யானை வந்தது. பின்னால் ஆடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கத்திக்கொண்டிருந்தன. என் வீட்டுக்காரர் வண்டி நிற்பதற்குள் குதித்து ஓடி வந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் அவர் மேல் கொட்டியது.

"யாருக்கு வேணும் ஆடு? ஒத்த ஆடு கேட்டதுக்குப் பண்ணை வைக்கப் போனீயளே, பூஜை போட்டு இவளைச் சாகக் குடுக்கதுக்கா? ஓட்டிட்டுப் போங்க அத்தனையையும். என் கண்ணுல காட்டாதீய."

அவர் பக்கத்தில் வந்தார். என் கையைப் பிரித்துக் கயிற்றை வாங்கினார். உள்ளங்கை தோலுரிந்திருந்ததை அவர் பார்த்த பிறகுதான் நானும் பார்த்தேன். ஆடுகளை இறக்கிப் பரணில் ஏற்றும் வேலையை அண்ணாச்சி வீட்டம்மாவும் மற்றவர்களும் பார்த்தார்கள். யாரும் ஆரத்தி எடுக்கவில்லை, கற்பூரம் கொளுத்தவில்லை. குதிரை கொட்டகையைக் கடந்தபோது ஆடுகள் எல்லாம் ஒரு மூலைக்கு ஒதுங்கின. அவள் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மோட்டார் அறைப் பக்கம் திரும்பும்போது நின்றாள். என் வீட்டுக்காரர் இழுத்தார். "இழுக்காதீங்க" என்றார் அண்ணாச்சி. வாலைத் தூக்கினாள். முதலில் காற்று. பிறகு எண்ணெய் மினுமினுக்க, பாதி கொள்ளும் பாதி வைக்கோலுமாக, அண்ணாச்சி காலடியிலேயே விழுந்தது. கொஞ்சம்தான். சற்று நின்று, மறுபடியும் விழுந்தது. யாரோ ஒரு பெண் கை தட்டினாள். அவளைப் பார்த்து இன்னும் சிலர் தட்டினார்கள்.

அண்ணாச்சி குனிந்து, லத்தியைக் கையால் எடுத்து, பிட்டுப் பார்த்தார். வெறுங்கை. பிறகு என்னைப் பார்த்தார். மதியத்துக்குப் பிறகு அப்போதுதான் நேராகப் பார்த்தார்.

"என் கைய இதுவரைக்கும் யாரும் புடிச்சதில்லம்மா."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் கண்ணாலேயே கெஞ்சினார். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் பொய்யாக வருவதை நான் எப்படிச் சொல்ல?

"திரும்ப ஊத்த வந்தாலும் பிடிப்பேன் அண்ணாச்சி."

அவர் கையிலிருந்ததை உதறினார். "புடிப்பீங்க. தெரியுது" என்றார். கொட்டகைப் பக்கம் தலையை ஆட்டினார். "ஆனா அதுங்களுக்கு நான்தான் வைத்தியம் பாப்பன். அதுல கை வெக்கக் கூடாது."

"எனக்கு ஆட்டப் பத்தி ஒண்ணும் தெரியாது அண்ணாச்சி. நீங்க சொல்லுறதுதான்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் குதிரை முன்னங்காலை மடக்கியது. கூட்டம் முழுக்க ஒரே குரலில், "படுக்குது, படுக்குது, எழுப்புங்க" என்றது. அண்ணாச்சி வாலைப் பிடிக்கப் பாய்ந்தார். என் வீட்டுக்காரர் கயிற்றை இறுக்கினார்.

"விடுங்க" என்றேன். "எல்லாரும் விடுங்க."

பின்னங்காலையும் மடக்கி, பெருமூச்சு விட்டு, மண்ணில் படுத்தாள். உருளவில்லை. கழுத்தை நீட்டித் தலையைத் தரையில் வைத்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, மதியம் அடித்த இடத்தைத் தடவினேன். தோல் தடித்திருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை பேர் பார்க்கிறார்களே என்று நினைத்தும் அடக்க முடியவில்லை. அவள் ஒரு தடவை தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். எழுந்துவிட வேண்டுமோ என்று கேட்கிற மாதிரி முன்னங்காலை ஊன்றினாள்.

"படு தாயி" என்றேன். "படுத்துக்கோ."